யார் அணைத்தது என்று சொல்லாத சுவிட்ச்: லினக்ஸின் ஆர்எஃப்கில் இடைமுகம், ஒரு மதிப்பாய்வு

ஒரு மடிக்கணினியில் வைஃபை சிப் ஒரு நிறுவனத்தினுடையதாகவும் புளூடூத் சிப் இன்னொரு நிறுவனத்தினுடையதாகவும் இருக்கலாம். சிம் கார்டு போடும் மோடம் ஒன்றும் சேர்ந்திருக்கலாம். விசைப்பலகையில் ஆண்டெனா படம் போட்ட விசை, பழைய மாடல்களில் பக்கவாட்டில் தள்ளும் சுவிட்ச், திரையின் மூலையில் விமானப் படம் போட்ட பொத்தான் என்று இவற்றை அணைக்கும் வழிகளும் பல. எதைத் தொட்டாலும் உரிய ரேடியோ, அதாவது அலைபரப்பும் சிப், அடங்க வேண்டும். அடங்கிய செய்தி மற்ற மென்பொருள்கள் அனைத்துக்கும் போய்ச் சேர வேண்டும். மீண்டும் இயக்கும்போது பயனர் விட்ட நிலையிலேயே அது இருக்க வேண்டும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் இந்தப் பொறுப்பை ஏற்றிருக்கும் பகுதியின் பெயர் ஆர்எஃப்கில். அதன் கட்டளையை அன்றாடம் பயன்படுத்துபவன் என்ற முறையிலும், அது அனுப்பும் நிகழ்வுகளைப் படிக்கும் சிறு நிரல்களை எழுதுபவன் என்ற முறையிலும் இதை இங்கே மதிப்பிடுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரு ரேடியோ எந்த நிலையில் இருக்கிறது என்பதை இவ்வளவு நேர்மையாகச் சொல்லும் இடைமுகத்தை வேறு எந்த இயங்குதளத்திலும் நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த நிலைக்கு யார் காரணம், எதற்காக அப்படிச் செய்தார்கள் என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை. அது சிறிய குறையும் அல்ல.

இது 2007இல் கெர்னலுக்குள் வந்தது. ரேலிங்க் வைஃபை சிப்புகளுக்கான டிரைவர்களில் (வன்பொருளை இயக்கும் நிரல்களில்) வேலை செய்துவந்த இவோ வான் டோர்ன் இதன் முதல் வடிவத்தை எழுதினார். ஒரு விசை அழுத்தப்படுகிறது, அதற்குரிய ரேடியோ மாறுகிறது என்று விசையிலிருந்தே தொடங்கிய வடிவம் அது. 2009இல் யோஹானஸ் பெர்க் இதைத் திரும்ப எழுதினார். அந்த ஆண்டு செப்டம்பரில் வெளிவந்த 2.6.31 பதிப்பில் அது இடம்பெற்றது. இன்று நாம் பயன்படுத்துவது அந்த மறுவடிவத்தைத்தான், அதில் விசையைவிட ரேடியோவின் நிலைக்கே முதலிடம்.

வடிவமைப்பின் உயிர், தடை இரண்டு வகை என்ற பிரிவினையில் இருக்கிறது. பயனரோ மென்பொருளோ விதிக்கும் தடை ஒன்று. அதை மென்பொருளாலேயே நீக்கவும் முடியும். வன்பொருள் விதிக்கும் தடை மற்றொன்று. அதை மென்பொருள் பார்க்கலாம், மாற்ற முடியாது. இவற்றை மென்தடை, வன்தடை என்று அழைப்போம். வன்தடை பெரும்பாலும் ஒரு கம்பியில் வரும் மின்குறிப்பு மட்டுமே. மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் அட்டைகளில் 20ஆம் முனை இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. அட்டையை வேறு கணினியில் செருகியதும் ரேடியோ எழாமல் போனபோது அந்த முனையின் மேல் மெல்லிய டேப்பை ஒட்டிச் சமாளித்தவர்கள் பலர் உண்டு. ஆர்எஃப்கில் இவ்விரு தடைகளையும் ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனிப் பிட்டுகளாக வைத்திருக்கிறது. எனவே பக்கவாட்டுச் சுவிட்சைத் தள்ளி வைஃபையை அணைத்திருக்கும் நேரத்திலும், அந்தச் சுவிட்சைத் திருப்பித் தள்ளினால் என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே அறிய முடிகிறது: மென்தடை இல்லையென்றால் ரேடியோ எழும், இருந்தால் எழாது.

இது சாதாரண விஷயம்போலத் தோன்றலாம். மற்ற இயங்குதளங்கள் செய்திருப்பதைப் பார்த்தால்தான் இதன் அருமை புரியும். விண்டோஸ் 10இல் செயலிகளுக்குத் தரப்பட்டுள்ள ரேடியோ இடைமுகம் ஒவ்வொரு ரேடியோவுக்கும் ஒரே ஒரு நிலையைத்தான் திருப்பித் தருகிறது: தெரியவில்லை, இயங்குகிறது, அணைந்திருக்கிறது, முடக்கப்பட்டிருக்கிறது. வன்பொருள் சுவிட்சோ, வன்பொருளுக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரோ அணைத்திருந்தால் கடைசி நிலை வரும். அந்த முடக்கத்தின் அடியில் பயனரின் விருப்பம் என்னவாக இருந்தது என்பது அந்த விடையில் மறைந்துவிடுகிறது. லினக்ஸும் இதே தவற்றை ஒரு காலத்தில் செய்தது. கெர்னல் தன் நிலவரத்தைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ் அடைவில் ஒவ்வொரு ரேடியோவுக்கும் இருக்கும் 'ஸ்டேட்' என்ற கோப்பு 0, 1, 2 என்ற மூன்று எண்களில் ஒன்றைத்தான் தரும்: மென்தடை, தடையின்மை, வன்தடை. இரண்டு தடைகளும் சேர்ந்திருக்கும் நான்காவது நிலைக்கு அதில் இடமே இல்லை. 2010இல் 2.6.34 பதிப்பில் 'ஹார்டு', 'ஸாஃப்ட்' என்று இரண்டு தனிக் கோப்புகள் சேர்க்கப்பட்டபோதுதான் இந்தப் பிழை சரியானது. பழைய கோப்பை 2014இல் நீக்கத் திட்டமிட்டிருந்தார்கள். பயன்படுத்துவோர் அதிகம் என்பதால் அது இன்னும் சில காலம் இருக்கும் என்று கெர்னல் ஆவணமே எழுதி வைத்திருக்கிறது. வெளியே ஒருமுறை கொடுத்த இடைமுகத்தைத் திரும்பப் பெறுவது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நேர்மை என்று நான் சொன்னதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. தடுக்கப்பட்ட ரேடியோ எந்த ஆற்றலையும் உமிழக் கூடாது என்று ஆர்எஃப்கில் ஆவணம் டிரைவர் எழுதுபவர்களுக்கு நிபந்தனை போடுகிறது. ஐஃபோன்களில் 2017இல் வந்த ஐஓஎஸ் 11, கட்டுப்பாட்டு மையத்தில் இருக்கும் வைஃபை, புளூடூத் பொத்தான்களின் பொருளையே மாற்றியது: அழுத்தினால் இணைப்பு மட்டும் துண்டிக்கப்படும், ரேடியோ தொடர்ந்து இயங்கும், காலை 5 மணி ஆனதும் எல்லாம் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பும். வசதிக்காகச் செய்யப்பட்ட மாற்றம்தான். ஆனாலும், அணைக்கும் பொத்தான்போல் காட்சியளிக்கும் ஒன்று அணைக்காமல் இருப்பதை நான் ஏற்க மாட்டேன். ஆர்எஃப்கில் விஷயத்தில் அந்த மயக்கத்துக்கே இடமில்லை. தடை என்றால் தடைதான், இணைப்புத் துண்டிப்பு வேறு.

நிரல் எழுதுபவருக்கு இது எப்படி இருக்கிறது என்பதை அடுத்து பார்க்கலாம். 'டெவ்' அடைவில் ஆர்எஃப்கில் என்ற பெயரில் ஒரே ஒரு சாதனக் கோப்பு இருக்கிறது. அதைத் திறந்த உடனேயே, அப்போது கணினியில் இருக்கும் ஒவ்வொரு ரேடியோவுக்கும் ஒரு 'சேர்க்கப்பட்டது' நிகழ்வு வரிசையாக வந்து சேரும். அதன்பின் எது மாறினாலும், எது செருகப்பட்டாலும், எது பிடுங்கப்பட்டாலும் அதே கோப்பின் வழியே அடுத்த நிகழ்வு வரும். முதலில் நிலவரத்தைக் கேட்டு வாங்கு, பிறகு மாற்றங்களுக்குக் காத்திரு என்று இரண்டு தனி வேலைகளாக்கினால், இரண்டுக்கும் நடுவிலான நொடிப்பொழுதில் நடந்த மாற்றம் கைநழுவிப் போகும் அபாயம் உண்டு. இங்கே அந்த இடைவெளியே கிடையாது. ஒரு நிகழ்வின் அளவு 8 பைட்டுகள். முதல் நான்கில் ரேடியோவின் எண். அடுத்த நான்கில் முறையே வகை, செயல், மென்தடை, வன்தடை. கட்டளை அனுப்ப வேண்டுமானால் அதே 8 பைட்டுகளை அதே கோப்பில் எழுதினால் போதும். வைஃபை, புளூடூத் என்று வகைவாரியாகவோ எல்லாவற்றையும் சேர்த்தோ மாற்ற ஒரு தனிச் செயலும் இருக்கிறது. அது அப்போது இருக்கும் ரேடியோக்களை மட்டும் மாற்றிவிட்டு ஓய்ந்துவிடுவதில்லை. பின்னால் செருகப்படும் யுஎஸ்பி வைஃபை டாங்கிளுக்கும் அதே நிலை பொருந்தும். விமானத்தில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பையிலிருந்து ஒரு டாங்கிளை எடுத்துச் செருகினால் அது தன் போக்கில் அலைபரப்பத் தொடங்கக் கூடாது அல்லவா? அந்தச் சூழ்நிலை வரை சிந்தித்திருக்கிறார்கள்.

விசைகளைக் கையாளும் விதமும் அப்படியே. கெர்னலுக்குள்ளேயே ஒரு எளிய விசைக் கையாளுநர் இருக்கிறது. கினோம் போன்ற டெஸ்க்டாப் சூழல், தன் விருப்பப்படி விசைகளைக் கையாள நினைத்தால், சாதனக் கோப்பைத் திறந்து 'இனி நீ ஒதுங்கிக்கொள்' என்று கெர்னலிடம் சொல்லலாம். அந்தக் கோப்பு திறந்திருக்கும்வரைதான் அந்த விலக்கு செல்லும். டெஸ்க்டாப் நிரல் நிலைகுலைந்து நின்றுபோனால் கோப்பு தானாக மூடப்படும், கெர்னலின் கையாளுநர் உடனே பொறுப்பைத் திரும்ப ஏற்கும். எனவே எந்தக் குழப்பத்திலும் விசை செயலற்றுப் போவதில்லை. அதிகாரத்தைக் கோப்பின் ஆயுளோடு பிணைத்த இந்த ஏற்பாடு, மொத்த வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

அந்த 8 பைட்டுகளோடு பிணைந்த கதை ஒன்று இருக்கிறது. இடைமுகம் வடிவமைக்கும் எவரும் அறிய வேண்டியது. நிகழ்வின் கட்டமைப்பை எதிர்காலத்தில் வாலில் புதிய உறுப்புகள் சேர்த்து நீட்டுவோம், படிப்பவர்கள் அதற்குத் தயாராக இருக்க வேண்டும் என்ற குறிப்பு, நிரல்கள் தொகுக்கப்படும்போது சேர்த்துக்கொள்ளும் தலைப்புக் கோப்பிலேயே எழுதப்பட்டிருந்தது. 2021இன் தொடக்கத்தில் வெளிவந்த 5.11 பதிப்பில் அந்த நீட்டல் நடந்தது. வன்தடைக்கான காரணத்தைச் சொல்லும் ஒன்பதாவது பைட் சேர்ந்தது: சுவிட்சின் குறிப்பு வந்ததாலா, அல்லது சில இன்டெல் கணினிகளில் நிர்வாகத்துக்கென உள்ள தனிச் செயலி ரேடியோவைத் தன் வசம் வைத்திருப்பதாலா என்பதை அது சொல்லும். அருமையான சேர்க்கைதான். ஆனால் புதிய தலைப்புக் கோப்புடன் தொகுக்கப்பட்ட சிஸ்டம்டி (கணினியின் சேவைகளைத் தொடக்கி நிர்வகிக்கும் மென்பொருள்) இரண்டு விதமாக உடைந்தது. படிக்கும்போது சரியாக 8 பைட்டுகள் வரவில்லை என்று முறையிட்டது. எழுதும்போதோ, பழைய கெர்னல் 8 பைட்டுகளை மட்டும் ஏற்றுக்கொண்டதைப் பிழையாக எடுத்துக்கொண்டது. இறுதியில் பழைய கட்டமைப்பையே இயல்பானதாக மீட்டு, நீட்டப்பட்டதை வேறு பெயரில் தனியாக வைத்தார்கள். சிஸ்டம்டி அதற்குள் திருத்தப்பட்டிருந்தும், அந்தத் திருத்தம் போய்ச் சேராத கணினிகளையும் இதே குறையுள்ள பிற நிரல்களையும் கருதி எடுத்த முடிவு அது. குறிப்பில் என்ன எழுதியிருந்தாலும், வெளியே உள்ள நிரல்கள் எதை நம்பி ஓடுகின்றனவோ அதற்கே மதிப்பளித்தார்கள். பயனர் பக்கம் நின்று பார்க்கும்போது இது சரியான முடிவு என்றே கருதுகிறேன்.

குறைகள் புலப்படுவது கட்டளையைக் கையில் எடுத்ததும்தான். 2017இல் வந்த 2.31 பதிப்பிலிருந்து ஆர்எஃப்கில் கட்டளை, யுடில்-லினக்ஸ் என்ற அடிப்படைக் கட்டளைத் தொகுப்பின் பகுதியாகிவிட்டது. ஆகவே ஏறக்குறைய எல்லா லினக்ஸ் வினியோகங்களிலும் கிடைக்கும். ஒரு திங்க்பேட் மடிக்கணினியில் அதை ஓட்டினால் வருவதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். 'டிபிஏசிபிஐ_புளூடூத்_எஸ்டபிள்யூ' என்ற பெயரில் ஒரு புளூடூத், 'ஃபை0' என்ற பெயரில் வைஃபை, பிறகு 'எச்சிஐ0' என்ற பெயரில் இன்னொரு புளூடூத். கணினியில் இருப்பது ஒரே ஒரு புளூடூத் ரேடியோ, பட்டியலிலோ இரண்டு. முதலாவது, கணினித் தயாரிப்பாளரின் ஃபர்ம்வேர் வழியாக மின்சாரத்தையே நிறுத்தும் சுவிட்ச். மற்றது, புளூடூத் டிரைவர் தனக்கென்று பதிவு செய்துகொண்ட சுவிட்ச். முதலாவதைத் தடுத்தால் புளூடூத் சிப் யுஎஸ்பி பாதையிலிருந்தே பிடுங்கப்பட்டதுபோல மறையும். 'எச்சிஐ0' என்ற வரியும் அதோடு காணாமல் போகும். தடையை நீக்கினால் அது திரும்பி வரும், ஆனால் பழைய எண்ணில் வராது. எண்கள் ஏறிக்கொண்டே போகும், பழையது மறுபடி வழங்கப்படுவதில்லை. எண்ணை நம்பி ஸ்கிரிப்ட் எழுதியவர் இங்கே திண்டாடுவார். வகையின் பெயரைக் கொடுத்து எழுதுவதே பாதுகாப்பு. இந்த இரண்டு வரிகளும் ஒரே ரேடியோவைக் குறிக்கின்றன என்பதைச் சொல்லும் எந்தத் தகவலும் இடைமுகத்தில் இல்லை. ஆர்எஃப்கில் எண்ணுவது சுவிட்சுகளைத்தானே தவிர ரேடியோக்களை அல்ல. பயனருக்கு வேண்டியதோ ரேடியோக்களின் பட்டியல்.

டிரைவர் சொல்வதை அப்படியே நம்புவது இன்னொரு பலவீனம். லெனோவோ ஐடியாபேட் மாடல்களுக்கான டிரைவரில் இது பல ஆண்டுகள் நீடித்தது. பக்கவாட்டுச் சுவிட்சே இல்லாத மாடல்களில்கூட, அந்தச் சுவிட்சைப் பற்றிக் கேட்டால் ஃபர்ம்வேர் 'அணைந்திருக்கிறது' என்று விடையளித்தது. டிரைவர் அதை வன்தடையாக அறிவித்தது. பயனர் எந்தக் கட்டளையைப் போட்டாலும் வைஃபை எழவில்லை. சுவிட்ச் இல்லாத மாடல்களின் பெயர்களைக் கெர்னல் மூலநிரலிலேயே பட்டியலாகச் சேர்த்துச் சேர்த்து, அது நீண்டுகொண்டே போய், பின்னர் சுவிட்ச் உள்ள மாடல்களை மட்டும் பட்டியலிடும் முறைக்கு மாறினார்கள். வன்தடையை மென்பொருள் மீறக் கூடாது என்ற விதியைத் தளர்த்தச் சொல்லவில்லை. அந்த விதி சரிதான். ஆனால் இல்லாத சுவிட்சைத் தேடி மடிக்கணினியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் பயனருக்கு, அந்தத் தடையை அறிவித்தது எந்த டிரைவர் என்று நேரடியாகச் சொல்லும் ஒரு வரியாவது கிடைத்திருக்க வேண்டும். பட்டியலில் உள்ள சாதனப் பெயரிலிருந்து அனுபவசாலி ஊகிக்கலாம், மற்றவர்களால் முடியாது.

மென்தடையில் இதே சிக்கல் இன்னும் ஆழமாக இருக்கிறது. மென்தடை என்பது ஒரே ஒரு பிட், அதற்கு உரிமையாளர் கிடையாது. டெஸ்க்டாப்பின் விமானப் பொத்தானை அழுத்தினாலும், இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க்மேனேஜரில் வைஃபையை அணைத்தாலும், மின்கலத்தைச் சேமிக்கும் ஒரு நிரல் பின்னணியில் ஓடி அணைத்தாலும், ஆறு மாதங்களுக்கு முன் முனையத்தில் தட்டிய கட்டளையாக இருந்தாலும், எல்லாம் அதே பிட்டில்தான் போய் விழுகின்றன. கடைசியாக எழுதியவரின் சொல்லே செல்லும். போதாததற்கு சிஸ்டம்டி இந்த நிலையை வட்டில் சேமித்துவைத்து, கணினி மறுபடி தொடங்கும்போதும் ரேடியோ மறுபடி செருகப்படும்போதும் அப்படியே மீட்டுத் தருகிறது. நல்ல நோக்கம்தான், வீட்டில் புளூடூத்தை நிரந்தரமாக அணைத்து வைத்திருப்பவருக்கு இது கட்டாயம் தேவை. ஆனால் காரணம் தெரியாத தடை மறுதொடக்கத்திலும் விலகாமல் நிற்கும்போது, 'ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்' என்ற வழக்கமான வைத்தியமும் பலிக்காது. உரிமை விஷயத்திலும் கவனம் போதவில்லை. கணினியின் முன் அமர்ந்து நுழைந்திருக்கும் பயனரின் எந்த நிரலும் சாதனக் கோப்பில் எழுதலாம். விண்டோஸில் ஒரு செயலி ரேடியோவைத் தொடுவதற்கு முன் அனுமதி கேட்க வேண்டும், மறுக்கவும் வழி இருக்கிறது. இந்த ஓர் இடத்தில் விண்டோஸ் முந்திவிட்டது.

ராஸ்பெரி பை என்ற சிறு கணினியை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஆர்எஃப்கில் என்ற பெயரை முதன்முதலில் கேள்விப்படுவது ஒரு தடையின் வழியாகத்தான். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையுடன் 2018இல் வந்த 3பி பிளஸ் மாடலிலிருந்து, எந்த நாட்டில் பயன்படுத்துகிறோம் என்று அமைக்காதவரை வைஃபை தடுக்கப்பட்டே இருக்கும். எந்த அலைவரிசைகளில் எவ்வளவு ஆற்றலில் பரப்பலாம் என்பது நாட்டுக்கு நாடு வேறுபடுவதால் இந்த முன்னெச்சரிக்கை. முனையத்தில் நுழையும்போது, வைஃபை ஆர்எஃப்கில்லால் தடுக்கப்பட்டுள்ளது, நாட்டை அமைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள் என்ற செய்தி வருகிறது. இந்த ஒரு செய்தி, மற்ற எல்லா இடங்களிலும் இல்லாத ஒன்றைச் செய்கிறது: தடை எதற்காக, எப்படி நீங்கும் என்பதைச் சேர்த்துச் சொல்கிறது. ஆனால் அந்தக் காரணம் கெர்னலில் இல்லை, அதைத் தெரிந்துகொண்டு எழுதப்பட்ட வெளி ஸ்கிரிப்டில் இருக்கிறது. அந்தச் செய்தியைப் பார்க்காமல் நேராக வைஃபை இடைமுகத்தை எழுப்ப முயன்றவருக்குக் கிடைப்பது 132ஆம் எண் பிழை மட்டுமே, 'ஆர்எஃப்-கில் காரணமாக இயலாது' என்ற அளவில். ரேடியோ தடைக்கென்று தனிப் பிழை எண்ணையே ஒதுக்கியிருப்பது பாராட்டுக்குரியது. பொதுவான 'முடியவில்லை' என்பதைவிட இது எத்தனையோ மடங்கு மேல். இருந்தும் பயனரின் தேடல் அங்கே முடிவதில்லை, அங்கிருந்துதான் தொடங்குகிறது.

யாருக்கு இது போதும், யாருக்குப் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். மின்கலத்தை மிச்சப்படுத்தவும், விமானத்திலோ மருத்துவமனையிலோ ரேடியோக்களை அடக்கவும், ஸ்கிரிப்ட் எழுதித் தானியக்கமாக நிர்வகிக்கவும் இது முழுமையாகப் போதும். கட்டளையின் வெளியீட்டை, நிரல்கள் எளிதில் படிக்கும் ஜேசான் வடிவத்தில் பெறும் வசதி இருப்பதால், பழைய பட்டியல் வடிவத்தை வரிவரியாக வெட்டி எடுக்க வேண்டிய தேவையும் இல்லை. அந்தப் பழைய வடிவம் பழைய நிரல்களுக்காக மட்டுமே விட்டுவைக்கப்பட்டிருக்கிறது என்று கையேடே எச்சரிக்கிறது. வைஃபை ஏன் எழவில்லை என்று தெரிய வேண்டுமானால் நெட்வொர்க்மேனேஜரின் 'என்எம்சிஎல்ஐ ரேடியோ' கட்டளையையும் ஓட்டிப் பாருங்கள். வன்பொருள் நிலையும் மென்பொருள் நிலையும் பக்கத்துப் பக்கத்துப் பத்திகளில் வரும். ஆனால் தன் இயங்குதளமே வேறொருவர் கட்டுப்பாட்டில் போயிருக்கலாம் என்று அஞ்சுபவருக்கு மென்தடை எந்தக் காப்பும் ஆகாது. தடையை விதித்த அதே மென்பொருளே அதை நீக்கவும் முடியும். அவர்களுக்கு உரியது, பியூரிசத்தின் லிப்ரம் 5, பைன்ஃபோன் போன்ற கைபேசிகளில் இருக்கும் நிஜமான சுவிட்சுகள்தாம்.

ஆர்எஃப்கில்லைப் பராமரிப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றே. வன்தடைக்குக் காரணம் சொல்ல ஒன்பதாவது பைட்டைச் சேர்த்தபோது, நீட்டும் வழி எப்படி என்பதும் எந்த இடத்தில் உடையும் என்பதும் தெரிந்துவிட்டது. அதன்பின் எவ்வளவு நீளம் தனக்குப் புரியும் என்பதை நிரலே கெர்னலிடம் முன்கூட்டிச் சொல்லும் ஏற்பாடும் வந்துவிட்டது. பத்தாவது பைட் ஒன்றை மென்தடைக்கும் ஒதுக்கலாம்: விசையா, டெஸ்க்டாப்பா, தொடக்கத்தில் மீட்கப்பட்ட பழைய நிலையா, நாட்டு அமைப்பு இல்லாததாலா என்று எழுதுபவரே குறித்துவிட்டுப் போகட்டும். குறிப்பிடாத நிரல்களுக்குப் பூஜ்யம் இருந்துவிட்டுப் போகட்டும். கட்டளையின் பட்டியலில் அதற்கென்று ஒரு பத்தி மட்டும் கூடினால், வைஃபை எழவில்லை என்று தேடுபவர்களில் பெரும்பாலோருக்கு விடை அந்த ஒரு வரியிலேயே கிடைத்துவிடும்.